அவள் சொன்ன படத்தில் கடல் இருந்தது

எழுபதுகளில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் துப்பறியும் கதை என்றால் அது நான் வாசிப்பதுதான். மதியச் சாப்பாடு முடிந்து ஆண்கள் எங்கள் ஜவுளிக்கடைக்குத் திரும்பியதும் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடத்தில் உட்காருவார்கள். வாரப் பத்திரிகைத் தொடரை உரக்கப் படிப்பேன். கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தித் தண்ணீர் குடிப்பேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருத்தி வந்தாள். வந்த வாரமே, அந்த ஊர் டூரிங் கொட்டகையில் ஓடிய உளவாளிப் படமொன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். வாயாலேயே துப்பாக்கி வெடித்தாள், ஜீப் ஓட்டினாள். அலை அடிக்கும் கடலில் உளவாளி படகேறித் தப்பினான். படகு கவிழ்ந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, உலை வைக்கணும் என்று எழுந்து போனாள். என் வித்தையை என்னிடமே காட்டினாள். என் பத்திரிகை மாமியாருக்கு விசிறியானது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் மிச்சக் கதையைச் சொல்வதற்குள் அதே படம் எங்கள் ஊருக்கே வந்தது. ரொம்பத்தான் அளக்கிறாள், சாயம் வெளுக்கட்டும் என்று மாமனாரிடம் கெஞ்சி எல்லாரையும் மேட்னிக்குக் கிளப்பினேன். அவள் மட்டும் தலைவலி என்றாள். எங்கள் பெண்கள் வெளியே போனால் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை நானே அவளுக்குப் போர்த்தி இழுத்துப்போனேன்.

படத்தில் கடலே இல்லை. மலை, சுரங்கம், திரும்பவும் மலை. உளவாளி ரயிலேறிப் போய்விட்டான்.

வீடு வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "கடல் எங்கடி போச்சு?"

அவள் முகம் சுண்டிவிட்டது. "கொட்டா எங்க வூட்டுக்குப் பின்னாலதான்க்கா. படம் பாக்க வூட்ல ஒருநாளும் வுட்டதில்ல. வசனம் கேக்கும், கூடவே அலையும் கேட்டுகினு இருக்கும். படத்துலயும் கடல் கீதுன்னு நெனச்சிகினேன்."

நான் சிரிக்க வாயெடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டார். "அந்தப் படம் கெடக்கட்டும். உன் படகு கவுந்துச்சே, அப்புறம் இன்னா ஆச்சி?"

எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி நிஜப் படத்தைக் காட்டியவள் நான். என்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டினேன். கூடத்தில் உளவாளி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினான். கரையில் யாரோ டார்ச் அடித்தார்கள்.

அது யார் என்று கேட்பதற்காக, உருட்டுவதை நிறுத்தினேன்.