மடக்குக்கத்தியில் கட்டிய நூல்

அந்த சோபாப் பட்டறையில் அவளுக்கு 'டக்டக்' என்று பெயர். சொந்தப் பெயர் முதலாளிக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எல்லாம் அவள் கையில் இருக்கிற மடக்குக்கத்தியால் வந்தது. வேலை இருந்தால் அதை வைத்துப் பழைய சோபாக்களின் துணியைக் கிழிப்பாள், உள்ளே வைக்கிற மெத்தைப் பஞ்சை அளவாக அறுப்பாள். வேலை இல்லாவிட்டால் அதைத் திறப்பாள், மூடுவாள். டக். டக். பேருந்துக்கு நிற்கும்போதும் டக். எதிரே இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் டக். சும்மா இருப்பது அந்தக் கைக்கு ஆகாத காரியம். யாராவது அக்கடா என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உன்னையும் அந்தக் கத்தியையும் ஜோடி சேர்த்து வச்சுட்டு நான் ஒதுங்கியிருக்கணும்" என்பார் வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குச் செய்தித்தாளைப் புரட்டுவார். அவர் சொன்னதில் தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய கத்தி அது. கல்யாணத்துக்கும் முந்தைய உறவு.

வாங்கியபோது அதன் அலகு இரண்டு விரல் அகலம் இருந்தது. தீட்டித் தீட்டி இப்போது ஒரு விரலுக்கு வந்துவிட்டது. பிடியின் ஒரு பக்கத்து மரம் உடைந்துபோக, தூக்கிப் போட்ட சோபாக் காலில் ஒரு துண்டைச் சீவி ஒட்டியிருந்தாள். குளிக்க மறந்தாலும் மறப்பாள், கத்தியைக் கவனிக்க மறக்க மாட்டாள். பிடியின் பள்ளத்தில் சேரும் பஞ்சையும் பசையையும் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுப்பாள். அலகு ஆடினால் ஆணியின் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. தட்டினதில் இறுகிப்போனால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சாணைக்கல்லை எடுத்து அடுப்பங்கரை மேடையில் வைத்துவிடுவாள். தீட்டி முடித்துத் தோல் துண்டில் இழுத்து, நாலு தரம் டக் டக்கென்று மூடித் திறந்து பார்த்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும்.

சத்தியமாகச் சொன்னால், அந்தக் கத்திக்குத் தினம் தினம் தீட்டல் தேவையே இல்லை. கைதான் கேட்கவில்லை. தேவையில்லாமல் தீட்டினால் என்ன ஆகும்? அலகு மெலியும். மெலிய மெலிய, மடக்கி வைத்தபோதும் நுனி பிடிக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பட்டறையில் போட்டுக்கொள்ளும் மேலங்கிப் பையை அது இரண்டு தரம் கிழித்தது. அவள் பையைத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கத்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கட்டினவனை விட்டுவிட்டு வந்திருந்தாள். அடி உதை எதுவும் இல்லை. அவன் வேலைக்குப் போகும்போது கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்துவிட்டுப் போவானாம். சாயங்காலம் வந்து, காகிதம் இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பானாம். விழுந்திருந்தால் அன்றைக்குப் பூராவும் விசாரணை. இதைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த கத்தியைப் பட்டென்று மூடினாள்.

"காகிதம் சொருகிப் பார்க்கிறானா? நீ என்ன அவன் பொண்டாட்டியா, இல்ல அவன் வீட்டுப் பூட்டா?" என்றாள். "இனி நீ எங்கயும் போக வேண்டாம். இங்கயே இரு. எவன் வந்து கேட்கிறான்னு பார்க்கறேன்."

அவள் மனசாரச் சொன்னதுதான். அம்மா போன பிறகு அந்த இரண்டு பேருக்கும் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒருத்திக்கு மற்றவள்தான். தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க அவளால் முடியும். அக்காவுக்கு அது எரிச்சலாகவும் இருந்தது, வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரிகிற மாதிரியும் இருந்தது.

ஒருநாள் துணி துவைக்கும்போது தங்கை அக்காவின் மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நுனி விரலில் ஏறிவிட்டது. "ஒண்ணுமில்லக்கா, சின்னக் கீறல்" என்று அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தியைத் திட்டினாள். அன்றைக்கே அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலகின் அடியில், ஆணிக்குப் பக்கத்தில், கூர் ஆரம்பிக்கும் முன்பாக ஒரு சின்ன மேடு உண்டு. கத்தியை மடக்கும்போது பிடிக்குள் நீளமாக ஓடுகிற ஸ்பிரிங் பட்டையான எஃகு வில்லில் அந்த மேடுதான் போய் உட்காரும். அதை அராவினால் அலகு முழுவதும் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், நுனி மறையும். அக்கா அராவினாள். நுனி மறைந்தது. தங்கையின் விரலை இழுத்து மடக்கிய கத்தியின் மேல் தடவிக் காட்டினாள்.

"இனிமே குத்தாது பாரு."

அந்த வாரத்திலிருந்து கத்தி மழுங்கத் தொடங்கியது. சாயங்காலம் முடியைச் சிரைக்கிற பதத்துக்குத் தீட்டி வைப்பாள். மறுநாள் பட்டறையில் பஞ்சை அறுத்தால் வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டிருக்கும், அலகின் நடுவில் ஓரிடத்தில் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். திரும்பத் தீட்டுவாள். மறுநாள் அதே இடம். யாரோ கத்தியை எடுத்து எதையோ அறுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றியதுதான், அதை அவள் தலையிலிருந்து பிடுங்க ஆள் கிடையாது.

முதலில் வீட்டுக்காரரைக் கேட்டாள். "உன் கத்தியைத் தொட்டா நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். அதில் ஒரு நியாயம் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

"என் கத்தியை எதுக்காவது எடுத்தியா?"

"இல்லக்கா."

"எடுத்தா எடுத்தேன்னு சொல்லு. நான் என்ன கடிச்சா முழுங்கிடுவேன்?"

"எடுக்கலக்கா."

இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டாள். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டாள். "நீ வந்த பிறகுதான் இப்படி ஆகுது, அதுக்கு முன்னாடி ஒரு நாளும் ஆனதில்ல" என்றாள். சொன்ன கணக்கு சரிதான், அதுதான் கொடுமை. தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஜன்னலோரம் உட்காருவதை நிறுத்தினாள். வேலை விட்டு வருவதே கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமானது.

கையும் களவுமாகப் பிடிக்க அக்கா ஒரு யுக்தி செய்தாள். ஒரு சாயங்காலம் கத்தியைத் தீட்டி, வழக்கம்போல நாலு தரம் டக் டக்கென்று மூடித் திறந்து பார்த்துவிட்டு, மடக்கிய கத்தியைச் சுற்றி சோபா தைக்கிற தடித்த நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். காலையில் நூல் அப்படியே இருந்தது. பேருந்தில் கத்தியைத் திறக்க முடியாமல் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விரல்கள் பைக்குள் போவதும் வெளியே வருவதுமாக, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து இடம் மாறிவிட்டார். பட்டறைக்கு வந்து நூலை அவிழ்த்துப் பஞ்சில் வைத்தாள். அதே இடத்தில் வெடுக்கென்று இழுத்தது.

வேறு யாராக இருந்தாலும், அப்படியானால் ஒருவரும் கத்தியைத் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டிருப்பார்கள். இந்த மகராசிக்கு வேறு மாதிரி புரிந்தது. சாயங்காலம் போய் அந்த நூலைத் தங்கையின் முன்னால் போட்டாள்.

"நேத்து நான் போட்ட முடிச்சு. அவிழ்த்துட்டு அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கியே, கெட்டிக்காரிதான்."

தங்கை நூலைக் கையில் எடுத்தாள். அதை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"காகிதம் போய் நூல் வந்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோபம் மூக்குக்கு மேல் நின்ற அக்காவுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அந்த வார முடிவில் தங்கை சலவைக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை. அத்தானிடம் சொல்லிக்கொண்டாள், துவைத்த துணிகளையெல்லாம் மடித்து வைத்துவிட்டுப் போனாள். அவர்தான் வேனில் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து அவர் செய்தித்தாளை எடுக்கவில்லை.

"உன் கத்தி நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

கத்தி நன்றாக இல்லை. தங்கை போன மறுநாளும் அதே இடத்தில் இழுத்தது. அக்கா பஞ்சை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். வீட்டில் இப்போது குற்றம் சாட்ட ஆளே இல்லை. கத்தியை மூடினாள், திறந்தாள், மூடினாள், இன்னும் வேகமாக மூடினாள்.

"அம்மா தாயே, நிறுத்தும்மா" என்றார் எதிர்ப்பக்கம் தையல் மெஷினில் இருந்த பெரியவர். "இத்தனை வருஷம் உன் டக்டக்கோட குடித்தனம் பண்ணிட்டேன். இப்ப கொஞ்ச நாளா அது வேற சத்தம் போடுது. பல்லு கூசுது எனக்கு."

"என்ன வேற சத்தம்?"

"முன்னாடி டக்குன்னு கேட்கும். இப்ப டக்குக்குப் பின்னாலேயே ணிங்குன்னு ஒண்ணு வருது. இரும்புல இரும்பு இடிக்கிற மாதிரி."

அவள் இன்னொரு தரம் மூடினாள். டக். அதன் வாலில் மெல்லிசாக ஒரு ணிங். மெஷின்காரருக்குத் தினமும் கேட்டது, அவளுக்கு இப்போதுதான் கேட்டது. கைபேசி விளக்கைப் போட்டுப் பிடியின் பள்ளத்துக்குள் பார்த்தாள். எண்ணெயில் கறுத்துக் கிடந்த எஃகு வில்லின் நடுவில், புதிதாகக் கீறின மாதிரி பளபளவென்று ஒரு கோடு. அலகு மழுங்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது.

கூர் வில்லில் இடிக்காமல் தாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன மேடுதான். அதை அவளே அராவித் தள்ளியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு டக்கும் அலகின் கூர் விளிம்பைக் கொண்டுபோய் எஃகில் மோதவிட்டிருக்கிறது. தீட்டி முடித்துத் திருப்தியாகப் போட்ட நாலு டக்கும் சேர்த்தி. நூல் கட்டிய அன்றைக்கு, நூல் கட்டும் முன்பே கத்தி மழுங்கிவிட்டது.

அப்போதுதான் தங்கை கேட்ட கேள்வி உள்ளே இறங்கியது. காகிதம் போய் நூல். அவளுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். பேருந்து வருகிற வரைக்கும் பொறுக்காமல் பாதி வழி நடந்தாள். என்ன சொல்வது என்று யோசித்தாள், எதைச் சொன்னாலும் போதாது என்று தோன்றியது. கை பழக்கதோஷத்தில் பைக்குள் போய்ப் போய் நெருப்பைத் தொட்டது மாதிரி வெளியே வந்தது.

அறை மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். பெட்டிகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் முடிச்சைத் தங்கை ஒரு முள்கரண்டியால் நெம்பிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா, வாசலிலேயே நின்றுகொண்டு. "கத்தியை மழுங்கடிச்சது நான்தான். உனக்குக் குத்தக்கூடாதுன்னு அராவினேன், அதுல கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியல. தெரியாம உன்னைப் போட்டுப் படுத்திட்டேன். அவன் செஞ்சதையே நானும் செஞ்சேன்."

தங்கை முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

"கொடு. இந்த முடிச்சு வரவே மாட்டேங்குது."

அக்கா கத்தியை எடுத்துக் கொடுத்தாள். தங்கை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நகம் வைத்துத் திறக்கிற பள்ளத்தைத் தேடினாள். பசையைத் தேய்க்கிற உப்புத்தாளும் அக்காவின் கட்டைவிரலும் பட்டுப் பட்டு அது எப்போதோ வழுவழுத்துப் போயிருந்தது. மிச்சமிருந்ததும் அலகு உள்ளே இறங்கியபோது பிடிக்குள் போய்விட்டது. தங்கை நகத்தை வைத்தாள், வழுக்கியது. அலகின் முதுகைக் கிள்ளிப் பார்த்தாள், வழுக்கியது. முந்தானையால் பிடித்து இழுத்தாள். கத்தி அசையவில்லை.

"எப்படிக்கா இதைத் திறக்கறது?" என்றாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறாள், எடுத்தியா, அறுத்தியா என்று. ஒரு தடவையாவது கத்தியை அவள் கையில் கொடுத்துத் திற பார்ப்போம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும்.

தங்கைக்கும் அது புரிந்தது. கையில் இருந்த கத்தியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, உதட்டில் சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்தது.

"இதைத்தான் நான் நாள் தவறாம திறந்து திறந்து அறுத்தேனாக்கும்?"

அக்கா அதை வாங்கித் தன் பழக்கப்படி இரு விரலால் பிதுக்கித் திறந்தாள். கயிற்றை அறுத்தாள். நடுவில் வெடுக்கென்று இழுத்தது, அழுத்தி அறுத்தாள். பிறகு அலகின் முதுகைக் கட்டைவிரலால் தாங்கிப் பிடித்து, சத்தமே வராமல் மூடினாள்.

"வீட்டுக்கு வந்துடறியா?" என்று கேட்டாள்.

"இப்ப வேண்டாம்க்கா. இந்தக் கதவுக்கு ஒரு சாவிதான் இருக்கு, அது என்கிட்ட இருக்கு. கொஞ்ச நாள் இப்படி இருந்து பார்க்கறேன்." தங்கை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "நீ வேணா வந்து உட்காரு. அதை அந்தப் பெட்டி மேல வச்சுட்டு வா."

அக்கா கத்தியைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடினார்கள். கைகள் மடியில் கிடந்து துடித்தன, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டு, தங்கை எழுந்திருக்கிற வரைக்கும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.