வேர்க்காத கூட்டம்

எங்கள் தெருமுனைத் தியேட்டரில், சோளப்பொரி விற்கிற மேடைக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவே, சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் ஒருவர் சிரிக்காமல் நிற்கிறார். படத்தின் கீழே இப்படி அச்சடித்திருக்கிறது: ‘இவ்வரங்கின் தலைசிறந்த ரசிகர். கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு அனைத்தையும் நுணுகி நோக்கி, பழைய படம் புதிய படம் என்ற பேதமின்றி நடுநிலையான கருத்து வழங்கும் திரை ஆர்வலர்.’

இதில் பழைய படமும் புதிய படமும் பார்ப்பார் என்பது மட்டும் உண்மை. மற்றபடி அவருக்கு எந்தக் கதாநாயகனின் பெயரும் தெரியாது. பாட்டு வந்தால் தூங்குவார். சண்டை வந்தால் இன்னும் நிம்மதியாகத் தூங்குவார். வில்லன் யார் என்று கேட்டால், “அந்தச் சத்தமா பேசறவர்தானே?” என்பார். அது பெரும்பாலும் கதாநாயகனாக இருக்கும்.

தொழில், மூக்குக்கண்ணாடி செய்வது. தியேட்டருக்கு நேர் எதிரே கடை. முன்னறையில் கண் சோதிக்கிற எழுத்து அட்டையும் ஒரு சுழல் நாற்காலியும். பின்னறையில் வில்லைகளைத் தேய்க்கிற இயந்திரம், எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மேஜை. தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர். எதிரே கடை வைத்திருப்பதாலும், எதைச் சொன்னாலும் சந்தேகமில்லாமல் சொல்வதாலும், படத்துக்குப் போகுமுன் அவரிடம் கேட்டுவிட்டுப் போவது தெருவின் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தால் அதிகம் அடிபட்டவர் பக்கத்துக் கடை முடிதிருத்துகிறவர்.

“அருமையான படம்னு சொன்னீங்களேண்ணே. குடும்பத்தோட போனேன். என் மாமியார் இன்னும் என்கிட்ட பேசல.”

“ஊர்வலம் வருமே, பாத்தியா?”

“ஊர்வலம் பாக்கவா டிக்கெட் எடுத்தேன்?”

“அப்ப நீ படமே பாக்கல” என்றார் கண்ணாடிக்காரர், உண்மையான வருத்தத்தோடு.

அவருடைய கருத்துகள் எல்லாமே இந்த ரகம்தான். உலகமே அழுத ஒரு காதல் படத்தைப் பற்றி: “ரெண்டு பேரும் மலை மேல தனியா நிக்கறாங்க. சுத்தி ஒரு ஆள் கிடையாது. என்ன படம் அது.” பேய்ப் படம் ஒன்றைப் பற்றி: “பயமே இல்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிஞ்சுபோச்சு.” இரண்டாம் நாளே தியேட்டரை விட்டுத் தூக்கப்பட்ட ஒரு நீதிமன்றப் படம் அவருக்கு உயர்ந்த கலை. பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு அவர் சொன்ன ஒன்றுதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. “பழைய படத்துல கூட்டத்துக்கு வேர்க்கும் சார். இப்ப வர்ற படத்துல கூட்டம் வேர்க்கறதே இல்லை. கவனிச்சீங்களா?”

கவனித்ததில்லை. கூட்டத்தை யார் கவனிக்கிறார்கள்?

அவர் மனைவி கூட்டத்தில் நிற்கிற வேலை பார்த்தவர். சந்தையில் கூடை சுமப்பவள், ரயில் நிலையத்தில் கையசைப்பவள், தீர்ப்பைக் கேட்டு முகம் சுளிப்பவள் என்று வருஷக்கணக்கில் பல படங்களின் பின்வரிசையில் நின்றிருக்கிறார். அந்த அம்மாளுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. புருஷன் செய்து கொடுத்த தடிமனான கண்ணாடியை, நடிக்கும்போது கழற்றச் சொல்லிவிடுவார்கள். வில்லையில் விளக்கு பட்டு மின்னுகிறதாம். கழற்றினால், எங்கே பார்க்கச் சொல்கிறார்கள் என்பது தெரியாது. சத்தம் வரும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்ப்பார். ஆகவே அந்த அம்மாள் வருகிற எந்தப் பழைய படத்திலும், கூட்டம் மொத்தமும் கதாநாயகனைப் பார்க்க, ஒரு பெண் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார். கண்ணாடிக்காரர் படம் பார்ப்பது அதற்காக. அந்தப் பெண் இருந்தால் நல்ல படம். இல்லையென்றால், மலை மேல் இரண்டு பேர்.

இறப்பதற்கு முந்தின வருஷம் அந்த அம்மாளை ஒரு கம்பெனி கூப்பிட்டது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வட்டமான ஒரு வெள்ளை அறையில் நிற்கவைத்து, சுற்றிலும் கேமராக்களை வைத்து, நடக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், அழச் சொன்னார்கள். “என்ன படம்னே சொல்லலைங்க” என்று வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டாராம்.

அந்த அம்மாள் இறந்த மறுவருஷம், துக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று மகள் புதுப் படம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அரசன் முடிசூடுகிறான். கோட்டை வாசலில் கடல் போலக் கூட்டம். அதன் நடுவில் அம்மா, கண்ணை இடுக்கிக்கொண்டு. ஐந்தாறு தலை தள்ளி, வேறு துணியில், மறுபடியும் அம்மா. மாடத்தின் மேலே இன்னொரு அம்மா. மூன்று பேரும் அரசனைப் பார்க்கவில்லை. மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்பா கடைசிவரை இருந்தார். அன்று பாட்டிலும் தூங்கவில்லை.

வெள்ளை அறையில் எடுத்த உருவத்தைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துக் கூட்டத்தில் நிறுத்தியதில், அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அந்த அம்மாள் வந்தார். வெள்ளத்தில் ஓடினார், விளையாட்டு மைதானத்தில் கைதட்டினார், ஒருமுறை போரில் செத்துக் கிடந்தார். வேர்க்கவே இல்லை.

மகளுக்கு இது தாங்கவில்லை. “அம்மாவைப் படத்துலேருந்து எடுத்துடச் சொல்லிடுங்கப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எடுத்துடறோம்னு கம்பெனில சொல்றாங்க. நான் எந்தப் படத்தையும் நிம்மதியா பாக்க முடியல. பஸ்ஸுல போற விளம்பரத்துல கூட அம்மா நிக்கறாங்க.”

“யோசிக்கிறேன்மா.”

“இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?”

இருந்தது. எடுக்கச் சொன்னால் இனி ஒரு படத்திலும் மனைவி வரமாட்டார். சொல்லாவிட்டால் கண் தெரியாமல் நின்றுகொண்டே இருப்பார். இந்த இரண்டில் எதையும் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மகள் தொடர்ந்து தொல்லை கொடுத்ததில், கம்பெனி ஆள் ஒருவர் கடைக்கே வந்தார். நான் அப்போது சுழல் நாற்காலியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எழுத்து அட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

“நீங்க சொன்னா உடனே எடுத்துடலாம் சார்” என்றார் கம்பெனி ஆள். நல்ல மனிதர், உட்காரக்கூட இல்லை. “உண்மையைச் சொன்னா எங்களுக்கும் நிம்மதிதான். மத்தவங்க எல்லாரும் திருப்பின பக்கம் பாப்பாங்க. அவங்க மட்டும் எப்படித் திருப்பினாலும் கொஞ்சம் தள்ளித்தான் பாக்கறாங்க. எங்க ஆளுங்க அந்த உருவத்தை வச்சு வேலை செய்யவே தயங்கறாங்க.”

“எடுத்துட்டா அவ எங்க போவா?”

“எங்கயும் போக மாட்டாங்க சார். இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

“இப்ப இருக்காளா?”

கம்பெனி ஆள் எழுத்து அட்டையைப் பார்த்தார். அதில் உதவியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கண்ணாடிக்காரர் பின்னறைக்குப் போனார். இயந்திரம் நெடுநேரம் ஓடியது. நான் கண்ணைத் திறந்துகொண்டேன். கம்பெனி ஆளும் நானும் வெயிலைப் பற்றிப் பேசினோம். திரும்பி வந்தவர் கையில் பழுப்புச் சட்டமிட்ட ஒரு கண்ணாடி இருந்தது. வில்லையை ஊதி, மெல்லிய தோலால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார்.

“எடுக்கறதைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல இதைப் போட்டுவிடுங்க. அவளோட பவர். மின்னாத மாதிரி பூச்சு போட்டிருக்கேன்.”

“சார், அவங்களுக்குப் பவர் எதுக்கு? கம்ப்யூட்டர்ல…”

“உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுதுல்ல? அப்ப உங்களுக்குப் புரியாது.”

அந்த ஆள் மரியாதைக்காக வாங்கிக்கொண்டார். வழியில் எறிந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு கப்பல் படம் வந்தது. மதியக் காட்சி, காலி அரங்கம். கண்ணாடிக்காரரும் நானும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். துறைமுகத்தில் பெருங்கூட்டம் வலது பக்கம் திரும்பிக் கப்பலுக்குக் கையசைத்தது. அந்தக் கூட்டத்தின் மூன்றாம் வரிசையில், பழுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையசைக்கவில்லை. கண்ணை இடுக்கவும் இல்லை. நேராக எங்களைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் எழுந்து, இருக்கைகளைத் தாண்டி, அரங்கத்தின் இடது கோடிக்குப் போய் உட்கார்ந்தார். திரையில் கதாநாயகன் ஏதோ சபதம் செய்தான். மறுபடி கூட்டம். அந்தப் பெண் அதே இடத்தில்.

நான் குனிந்தபடி அவரிடம் ஓடினேன். படித்தவன் என்ற கடமை இருக்கிறதே. “நேரா கேமராவைப் பாக்கற முகம், எங்க உக்காந்தாலும் நம்மைப் பாக்கற மாதிரிதான் தெரியும். இது சாதாரண விஷயம்” என்றேன்.

“அப்படியா. நான் எழுந்து வந்தப்புறம், அங்க உக்காந்திருந்த உங்களைப் பாத்தாளா?”

நான் யோசித்தேன். மறுபடி கூட்டம் வந்தபோது, நடு வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் கன்னமும் ஒரு காதும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. என் பழைய இருக்கைக்கும் திரும்பிப் போகவில்லை.

கப்பல் புறப்பட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. அந்தப் பெண் மட்டும் கலையவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மேலங்கியின் ஓரத்தால் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டு, நாங்கள் இருந்த மூலையைப் பார்த்தார். அந்த வெள்ளை அறையில் அவர் கண்ணாடி இல்லாமல்தான் நின்றார் என்பது என் நினைவுக்கு வந்தது. துடைக்கும்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

“துணியால துடைக்காதே” என்றார் கண்ணாடிக்காரர், மெதுவாக, சாப்பாட்டு மேஜையில் சொல்வது போல. “கோடு விழும்னு எத்தனை தடவை சொல்றது.”

திரை இருண்டு வேறு காட்சி வந்தது. பிறகு அந்தப் படத்தில் கூட்டமே வரவில்லை. அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

வெளியே முடிதிருத்துகிறவர் கையில் சீப்போடு காத்திருந்தார். “எப்படிண்ணே படம்? தைரியமா போகலாமா?”

“முடிஞ்சுது” என்றார் கண்ணாடிக்காரர். ஒரு படத்தின் முடிவைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சட்டத்துக்குள் இருக்கிற அந்த வாசகத்தை மாற்றும்படி தியேட்டர்காரரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். “நீங்களே எழுதிக் கொடுங்களேன்” என்றார். எழுத உட்கார்ந்தபோது ரசிகர், ஆர்வலர், நடுநிலை எதுவும் கைக்கு வரவில்லை. வந்தது இவ்வளவுதான்: அவர் தன் மனைவிக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். மனைவி தன்னைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும், கடைக்கு வந்து மகளுக்குப் போன் செய்து, அம்மாவை எடுத்துவிடச் சொன்னார்.