மூன்றாவது தீயணைப்பு வண்டி

அரசுத் தணிக்கை அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சாக்பீஸ் அக்கா. அரசாங்கக் காசில் வாங்கியதாகச் சொல்லும் எந்தப் பொருளையும் தொட்டுப் பார்த்து, மறைவான ஓரத்தில் சாக்பீஸால் வால் நீண்ட ஒரு டிக் போட்டால்தான் அக்கா நம்புவார். ஒரே பீரோவை இரண்டு அறையில் காட்டுகிற கில்லாடிகளை நிறையப் பார்த்தவர். தணிக்கைக்குப் போன இடத்தில் டீகூடக் குடிக்க மாட்டார். "தாலி கட்டும்போது என் முதுகுலயும் டிக் போட்டிருப்பா" என்று கணவர் இன்னும் கிண்டல் செய்கிறார்.

ஜவுளிக்கடைத் தெரு ஒருமுறை பற்றியெரிந்தது. ஊரின் மறுகோடியிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் கடைகள் சாம்பல். அதற்குப் பிறகு, நிலையத்துக்கு ஒன்று வீதம் மூன்று புதுத் தீயணைப்பு வண்டிகள் வாங்கியதாகக் கணக்கு. மூன்றாவது, ஜவுளிக்கடைத் தெரு முனை நிலையத்துக்கு. 'மூன்றும் பார்த்தேன்' என்று அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அந்தத் தெருக்காரர்கள் இனி வாய் திறந்து வண்டி கேட்க முடியாது.

முதல் நிலையத்தில் வண்டி இருந்தது. அக்கா குனிந்து, பின் பம்பருக்கு அடியில் டிக் போட்டார். இரண்டாவதிலும் அப்படியே. அங்கிருந்து கிளம்பும்போது, உடன் வந்த தீயணைப்பு அதிகாரிக்குத் திடீரென்று உபசாரம் பொங்கியது.

"சாப்பிட்டுட்டுப் போலாமே மேடம். என்ன அவசரம்?"

அக்கா தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். அதிகாரி மட்டும் போனும் கையுமாக வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது நிலையத்தில் வண்டி ஈரம் சொட்டப் பளபளவென்று நின்றது. நம்பர் பிளேட் சரி. அதிகாரி முகத்தில் மாப்பிள்ளைக் களை. அக்கா குனிந்தார். பம்பருக்கு அடியில் ஏற்கனவே ஒரு டிக்! ஊரையே ஏமாற்றத் துணிகிறவனுக்குக் கொஞ்சம் குனிந்து பார்க்க மட்டும் என்ன சோம்பலோ! அக்கா நிமிர்ந்தார்.

"இது என்ன சார்?"

"அதுவா... கம்பெனியிலயே போட்டு அனுப்புவாங்க மேடம்."

"என் கையெழுத்துலயா?"

அதிகாரி மறுபடியும் போனை எடுத்தார்.

"மூணு வண்டியையும் இப்பவே இங்க வரச் சொல்லுங்க. பக்கத்துப் பக்கத்துல நிறுத்திப் பாத்துடலாம்."

இரண்டாவது நிலையத்து வண்டி வந்தது. அதன்பிறகு வாசலில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. பெரிய இடத்திலிருந்து அக்காவின் தலைமை அதிகாரிக்குப் போன் மட்டும் போனது.

"எங்க அறிக்கை நேரா சட்டசபைக்குப் போறது. யார் சொன்னாலும் அதுல ஒரு வரியத் தூக்க முடியாது. நான் சொன்னாலும் முடியாது" என்று அவர் போனை வைத்துவிட்டார். அப்படிப்பட்ட தலைவர் வாய்த்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அக்கா கிளம்பும்போது, பளபளவென்று நின்ற அந்த வண்டியின் டிரைவர் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "கழுவுனது நான்தான் மேடம். பளிச்சுன்னு இருக்கணும்னாங்க. அடியில கழுவச் சொல்லல."

அறிக்கை சபைக்குப் போனது. கேள்விகள் பறந்தன. விழுங்கியவர்கள் கக்கினார்கள். ஒருநாள் காலை அக்கா அடுப்படியில் இருந்தபோது அதே டிரைவர் போன் செய்தார்.

"மேடம், மூணாவது வண்டி வந்துடுச்சு!"

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மத்த ரெண்டும் இப்ப எங்க நிக்குது?"

டிரைவர் சிரித்துவிட்டார். "கேப்பீங்கன்னு தெரியும். அதான் மூணையும் இங்கயே கொண்டாந்து வச்சிருக்கோம். கேளுங்க."

ஒரு சைரன் அலறியது. இரண்டாவது சேர்ந்துகொண்டது. மூன்றாவது சேர்ந்ததும் அக்கா போனைக் கணவர் காதில் வைத்து அழுத்திவிட்டு, கைதட்டிக் குதிக்க ஆரம்பித்தார். "அடியே, என் காது போச்சு!" என்று அவர் கத்தியது அக்காவுக்குக் கேட்கவேயில்லை.