நெல்லித்தோப்பு விலாசத்தில் பிறந்தவள்

தாள்களை நான்கு கட்டாகப் பிரிப்பதில்தான் என் நாள் தொடங்கும். பிறந்து ஒரு நாள் முடிவதற்குள் இறந்த குழந்தைகள் முதல் கட்டு. ஒரு வாரத்துக்குள் இறந்தவை இரண்டாவது. இருபத்தெட்டு நாளுக்குள் என்றால் மூன்றாவது. அதற்கு மேல் போய், ஒரு வயது நிறையும் முன் இறந்தவை நாலாவது. பிரித்து முடித்ததும் ஒவ்வொரு தாளிலும் விலாசத்தைப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஊராக இருந்தால் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டம் போட்ட தாள் எங்கள் ஊர் எண்ணிக்கையில் சேராது. பெரிய ஆஸ்பத்திரிகள் இங்கே இருப்பதால் சுற்றுப்பட்டுப் பிள்ளைகளையெல்லாம் கடைசி நேரத்தில் இங்கேதான் தூக்கி வருவார்கள். அந்தச் சாவுகளையும் நம் தலையில் ஏற்றிக்கொண்டால் நம் ஊர் எப்படி இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். இது நியாயம் என்றே நானும் நினைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் புள்ளியியல் படித்துவிட்டு, பிறப்பு இறப்புக் கணக்கு எடுக்கும் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த வேலை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா மில் தொழிலாளி. மில் நின்றபிறகு முதலியார்பேட்டையில் ஒரு மரக்கடையில் இருந்தார். “எம் புள்ள கவர்மெண்ட்டுல எழுதற வேல பாக்கறான்” என்று அம்மா தெருவில் சொல்லிக்கொள்வாள். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றாடம் செத்த குழந்தைகளின் தாளைத் தொட்டுவிட்டு வந்து அவள் போடும் சோற்றைத் தின்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

தங்கையை விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு நெல்லித்தோப்புக்கு அழைத்து வந்தோம். நாள் இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே ஒரு காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, சாயங்காலம் வரை சிவந்து கிடந்தது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

நர்ஸ் பிறப்புத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அட்ரஸ் சொல்லும்மா.”

“நெல்லித்தோப்பு. ரேசன் கடைக்குப் பின்னாடி சந்துல, மூணாவது வூடு” என்றாள் அம்மா.

“நான் இன்னா தபாலா எடுத்தாரப் போறேன்? கதவு நம்பர் சொல்லு.”

நான் சொன்னேன். மாப்பிள்ளையின் ஊரை நர்ஸ் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. பெண் எங்கள் வீட்டிலிருந்துதானே வந்தாள்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கும் பட்டது.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மறுநாள் அலுவலகத்தில் முதல் கட்டை எடுத்ததும் கை ஓடவில்லை. இந்தக் கட்டை அவள் தாண்டிவிட்டாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே, இப்படி நினைத்ததால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அடுத்து ஒரு வாரம். அதற்கடுத்து இருபத்தெட்டு. எந்தக் கட்டு தடிமன், எது மெல்லிசு என்பது என் விரல்களுக்கே தெரியும். பச்சைக் குழந்தைகளின் தாள்களில் பெரும்பகுதி முதல் ஏழு நாளுக்குள்தான் விழும். படித்தபோது அது ஒரு கேள்விக்கான பதில், ஐந்து மதிப்பெண். இப்போது அந்த ஏழில் ஒரு நாள்தான் கழிந்திருந்தது.

வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன். உள்ளே தங்கையைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். வாசலில் நின்று, வருகிற போகிற நர்ஸிடமெல்லாம் எடை கேட்பேன்.

“நீங்க அப்பாவா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மாமன், சிஸ்டர்.”

“பெத்தவனே இத்தினி வாட்டி கேக்கமாட்டான். போய் டீ குடிங்க மாமா, எட இன்னும் ஏறல.”

பின்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். முதல் சில நாள் எடை குறைவது சகஜம் என்று அவள் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. குறைந்திருக்கிறது என்பது மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் குழந்தை மஞ்சளித்தது. நீல வெளிச்சத்துக்கு அடியில் படுக்க வைத்தார்கள். ஆறாம் நாள் காலை மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம், தகப்பனை வரச்சொல்லுங்கள் என்றார் டாக்டர். மாப்பிள்ளை ஊரில் கரும்பு வெட்டு நடக்கிற நேரம். அங்கே இருந்த டெலிபோன் பூத்துக்குப் பேசி, ஆளை விட்டுக் கூப்பிடச் சொல்லி, அவர் பஸ் பிடித்து வந்து சேரும்போது மத்தியானம். சட்டையில் கரும்புத் தோகை ஒட்டியிருந்தது.

குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார்.

“மச்சான்” என்றார். “எதுனா ஒண்ணு ஆச்சின்னா ஊருக்கு எடுத்துக்கினு போயிடணும். எங்கப்பா சொல்லி அனுப்புனாரு. எங்க கொல்லியில, நெலத்தோரமா பொதைக்க எடம் இருக்குது.”

“வாயக் கழுவுங்க மாப்ள!” என்று அம்மா எழுந்துவிட்டாள். “அது மூச்சு வுட்டுக்கினு கீது. நீங்க எடம் பாத்துட்டு வந்துட்டீங்களா?”

“நான் இன்னா வேணும்னா சொல்றேன் அத்த?” என்றார். “எங்க புள்ளய அந்நிய எடத்துலயா வுடறது?”

அப்போது ஒரு தாளைக் கொண்டு வந்தார்கள். ஊசி, குழாய், இரத்தம் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். “எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும், நீயே எழுதிடு மச்சான்” என்று மாப்பிள்ளை என்னிடம் நீட்டினார். தகப்பன் பெயர் எழுதினேன். அடுத்த வரி விலாசம். அவர் ஊரைச் சொன்னார், அதையும் எழுதினேன். கிராமம், தாலுகா, விழுப்புரம் மாவட்டம். எழுதிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். சிவப்புப் பென்சில் பிடிக்கிற அதே கை.

நல்ல காரியம் நடந்தால் தாளை நிரப்புவது தாய் வீடு. கெட்டது நடந்தால் தகப்பன் வந்து நிற்கிறார், அவர் ஊரைத்தான் சொல்கிறார், பிள்ளையை அங்கேதான் கொண்டுபோகிறார். அப்படியானால் இத்தனை மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மறுநாள் ஏழாம் நாள். அலுவலகத்துக்குப் போக மனமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் என்னை வைத்திருக்க அம்மாவுக்கும் மனமில்லை. “நீ நிக்கற நெல பாத்தா எனக்கே பயமா கீது, போடா” என்று துரத்தினாள். போய், நான் வட்டம் போட்டிருந்த இறப்புத் தாள்களை எடுத்தேன். பிறப்புத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தாயின் பெயர், ஆஸ்பத்திரி, பிறந்த தேதி, மூன்றையும் ஒத்துப் பார்த்தேன். முதல் ஜோடி கிடைக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பிறந்தது அரியாங்குப்பம் விலாசத்தில், இறந்தது திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தின் விலாசத்தில். ஒரே குழந்தை. இன்னொன்று முதலியார்பேட்டை. இன்னொன்று எங்கள் நெல்லித்தோப்பு. வட்டம் போட்ட எல்லாத் தாளும் அப்படி இல்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் ஜோடிகளைப் பரப்ப மேசை போதவில்லை.

ஆயிரம் குழந்தை பிறந்தால் எத்தனை ஒரு வயதுக்குள் போகின்றன என்பதுதான் விகிதம். பிறந்தவர்களில் இவர்களை வைத்துக்கொண்டு, இறந்தவர்களில் மட்டும் தள்ளிவிட்டால் விகிதம் தானாக இறங்கும். நான் இறக்கியிருந்தேன். சுத்தமாக வேலை செய்கிற பையன் என்று பெயரும் வாங்கியிருந்தேன்.

இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர்.

“சார், இந்த ரெண்டும் ஒரே கொழந்த.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஆமா.”

“பொறந்தது நம்ம கணக்குல இருக்குது. செத்தது அவங்க கணக்குல.”

“அவங்க கணக்குல இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?” என்றார். “சாவு பதிவானது இங்க. தாளு இருக்கறது உன் கையில. நாம தள்ளிட்டோம். அவங்க எடுத்துக்கினாங்களா இல்லியான்னு நான் பாத்ததில்ல.”

அவர் முன்னால் இருந்த தாளின் மூலையில் என் சிவப்பு வட்டம் தெரிந்தது.

“தலப்பிரசவம் தாய் வூட்டுல. நம்ம பழக்கம் அது, தம்பி. அதுக்கு இந்த ஃபாரத்துல எடம் இல்ல. இத வெளக்கி ஒரு நோட்டு எழுதிக் குடு, மேல அனுப்பி வைக்கறேன்.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது சரி, ஃபேன் காத்துல ஒக்காந்துகினு நீ ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்ற?”

சொன்னேன். தங்கை, கண்ணாடிப் பெட்டி, மாப்பிள்ளையின் கொல்லி, எல்லாவற்றையும்.

அவர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். “பொண்ணா?”

“பொண்ணு, சார்.”

“பொட்டப் புள்ளைங்க கெட்டி. போ. லீவு லெட்டர் நாளைக்கு எழுதிக்கலாம்.”

பெண் குழந்தைகள் கொஞ்சம் கெட்டிதான், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் என் கட்டுகளில் பெண் குழந்தைத் தாள்கள் எத்தனை பார்த்திருக்கிறேன்! ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. எதிரில் மாப்பிள்ளை பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவாரோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கண் தேடியது.

அவர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார், அம்மா கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டு. காலையிலிருந்து மூச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது என்றார். “ஆனா இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்.” அந்த ‘ஒண்ணும் சொல்ல முடியாது’ இன்னும் எட்டு நாள் நீடித்தது.

நோட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை பழைய மாதிரியே செய் என்றார்கள், செய்தேன். வட்டம் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் பிறப்புத் தாளைத் தேடிப் பின்பக்கம் அதன் எண்ணை எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஒப்பந்தம் முடியும்வரை அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அதற்கெல்லாம் முன்பே, பிறந்த இருபத்திரண்டாம் நாள், குழந்தையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உள் அறையில் பழைய புடவையை நாலாக மடித்து, அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தையின் வயிறு அசைகிற மாதிரி தெரியவில்லை. மண்டிபோட்டு, புறங்கையை அதன் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றும் படவில்லை. இன்னும் கிட்டே. ஒரு இழை வெதுவெதுப்பு வந்து பட்டது.

“இருக்குதா?” என்றாள் தங்கை. அவள் தூங்கவே இல்லை. எந்நேரம் திரும்பினாளோ, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்குது.”

“நானும் இதேதான் பண்ணிக்கினு இருக்கேன்ணா. வூட்டுக்கு வந்ததுலேருந்து. நான் கண்ண மூடுனா மூச்ச நிறுத்திடுவாளோன்னு இருக்குது.” கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. “ஒரு அர மணி நீ பாக்கறியா? நான் கண்ண மூடிக்கறேன்.”

“தூங்கு. நான் இங்கதான் இருக்கேன்.”

“எழுந்து போயிடமாட்டியே?”

“மாட்டேன்.”

பாயை நகர்த்திச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். நான் உட்கார்ந்து முடிப்பதற்குள் அவளுக்குக் குறட்டை வந்துவிட்டது. நான் குழந்தையின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.