கையால் தொடாத கடை

எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பினாயிலும் பிஸ்கட்டும் கலந்த வாசனை வந்தால் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கும். சுனாமிக்கு மறுவருஷம், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்போது இருந்த தன் மளிகைக் கடையின் தடுப்பு மேசையைப் பிடுங்கிவிட்டு, அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, "இனிமே நீங்களே எடுத்துக்கலாம்" என்று அறிவித்தார் செல்வம் அண்ணன். உப்பள வேலை முடிந்து வரும் பெண்களோ வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்தவங்க கடையில நாமளே கை வெச்சா அதுக்குப் பேரே வேறண்ணே" என்பாள் என் அம்மா. அவள் பருப்பு, புளி, சோப்பு என்று சொல்லச் சொல்ல, அண்ணன்தான் கூடையோடு அலமாரி அலமாரியாக ஓடுவார். முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி எடுத்த மனிதர், கடை நவீனமானதில் பாதியாக இளைத்துப்போனார்.

ஒருநாள், அயோடின் பாடம் நடத்திய டீச்சர் சொன்னாரென்று நான் அடம்பிடித்ததால், உப்பு வாரியே கை காய்த்துப்போன அம்மா பாக்கெட் உப்பு கேட்டாள். அண்ணன் எடுத்து நீட்டியதும் பதறிப் பின்வாங்கினாள்.

"உப்பை யாருன்னா கையில குடுப்பாங்களாண்ணே? சண்டை வந்துடும். அங்கியே வைங்க, நானே எடுத்துக்கறேன்."

அவள் எடுத்ததைக் கண்கொட்டாமல் பார்த்த அண்ணன் கும்பிட்டே விட்டார்.

"தாயே, பருப்பு குடுத்தாலும் சண்டை வரும்னு நெனச்சுக்கோயேன்!"