தொண்டை கட்டிய ஜெர்மன் வாத்தியார்

பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதுதான் வாத்தியார் தொழில். மூச்சு வாங்குவது மட்டும் வெளியே தெரியக்கூடாது. சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா?

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் மாலை வகுப்பில் கொஞ்சம் ஜெர்மன் படித்ததை விண்ணப்பத்தில் பெருமைக்கு எழுதிவைத்தேன். அதுவே வினையானது. ஜெர்மன்காரர் ஒருவரையும் அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பத்து வார்த்தை சாம்பிள்

எங்கள் பள்ளி கரஸ்பாண்டன்ட் பனியன் கம்பெனி முதலாளி. ஒருநாள் கூப்பிட்டு, "தை மாசம் ஜெர்மனியிலிருந்து நம்ம பனியன வாங்குற பையர் வர்றாருங்க. நம்ம புள்ளைங்க அவரு பாஷையில பேசோணும். பேசிட்டா உங்க வேலை பர்மனென்ட்" என்றார். பேசாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சாம்பிள் அப்ரூவல் ஆகாமல் எதையும் தைக்கவிடாத மனிதர் அவர். ஜெர்மனிலும் பத்து வார்த்தை சாம்பிள் கேட்டார். சொன்னேன். துணியைத் தடவிப் பார்ப்பவர் போலக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது. பரீட்சை முடிஞ்சதும் சுருங்கிப் போயிராதுங்களே?"

பாகம் பிரித்த பாஷை

ஜெர்மன் வகுப்புத் தொடங்கியதும் இரண்டு மகன்களோடு ஒரு எக்ஸ்போர்ட்டர் வந்தார். பெரியவனுக்கு ஜெர்மன், சின்னவனுக்குப் பிரெஞ்சு என்றார். ஒரே பாஷை என்றால் வீட்டில் சேர்ந்து படிக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே பையரைப் புடிச்சாங்கன்னா நாளைக்குப் பங்காளிச் சண்டை வந்துருமுங்க" என்றார். பிரெஞ்சு வாத்தியார் இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அவர் அசரவில்லை: "அதுவரைக்கும் சின்னவனும் உங்க கிளாஸ்ல உக்காரட்டுங்க. எதையும் படிச்சுற வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

எட்டாம் பாடம்

தை பிறந்தது. நாங்கள் அப்போதுதான் எட்டாம் பாடத்தில் இருந்தோம்: 'டாக்டர் வீட்டில்'. டாக்டர் பேசுவதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தவள் ஜமீலா. ஒன்பதாம் வகுப்பு, பனியன் வேஸ்ட் வியாபாரியின் மகள்.

பையர் வரும் நாளில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவர் கைகுலுக்கிவிட்டுக் கடகடவென்று பேசினார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டிக்கொண்டது என்று சைகை செய்தேன். கரஸ்பாண்டன்ட் என்னையே பார்த்தார்.

ஜமீலா எழுந்தாள். தெரிந்தது அந்த ஒரு பாடம்தானே. "எங்கே வலிக்கிறது?" என்று ஜெர்மனில் கேட்டாள். வெள்ளைக்காரர் திகைத்துப்போய், மெல்ல வயிற்றில் கை வைத்தார். "எப்போதிலிருந்து? என்ன சாப்பிட்டீர்கள்?" அவர் விரல்விட்டு எண்ணி, இலையையும் கரண்டியையும் சைகையில் காட்டிக் கொட்டித் தீர்த்தார். இட்லியும் பொங்கலும் பிரியாணியும் எனக்கே புரிந்தன.

"காலையிலிருந்து மூணு கம்பெனியில சாப்பிட வெச்சுட்டாங்களாமுங்க. வேண்டாம்னாலும் யாரும் உடலீங்களாம்" என்றாள் ஜமீலா. நம் பக்கத்தில் விருந்தாளி வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? நாலாவது விருந்து கரஸ்பாண்டன்ட் வீட்டில் இலை போட்டுத் தயாராக இருந்தது. அதை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் மோர் வரவழைத்தார். பையர் அதைக் குடித்துவிட்டு ஜமீலாவைக் கும்பிட்டே விட்டார்.

கரஸ்பாண்டன்ட் என் தோளில் கை போட்டார். "நீங்க வாயத் தொறக்காமயே புள்ளைங்க இந்தப் பேச்சுப் பேசுதுங்களே சார். உங்க வேலை இன்னிக்கே பர்மனென்டுங்க."

கார் கேட்டைத் தாண்டியதும் ஜமீலா பக்கத்தில் வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்: "சார், அவரு போயிட்டாருங்க. இனித் தொண்டை சரியாயிருமுங்களா?"

அந்தப் பள்ளியிலேயே ரிட்டயர் ஆகும்வரை ஜெர்மன் நடத்தினேன். அவிநாசி ரோட்டில் வெள்ளைக்காரர் யாராவது எதிரே வந்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.