சயனைட் மேடு மறைத்த ஒயர்லெஸ்

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம். ரேஷனில் அரிசி இல்லை, கோதுமைதான். அந்த வருஷம் என் வேலையைக் காப்பாற்றிய ஒயர்லெஸ் ஃபிட்டர் ஆரோக்கியம் அண்ணன்... இன்று விடியற்காலை காலமாகிவிட்டார்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் டைப் செய்கிறாள்.

எங்கள் தங்கச் சுரங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மாரிகுப்பம் பக்கத்து டிஸ்பென்சரிக்கும் நடுவில் போன் கம்பி அடிக்கடி அறுந்துவிடும். கம்பியே வேண்டாம் என்று இரண்டு கூரையிலும் ஏரியல் வைத்து ஒயர்லெஸ் போட்டார் அண்ணன். நான் அவருக்குக் கம்பம் தூக்கும் கூலி.

ஆஸ்பத்திரிக் கூரையில் அவர். டிஸ்பென்சரிக் கூரையில் நான், கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு. வெயிலைத் திருப்பிக் காட்டுவேன். அந்த மினுக்கு தெரிந்தால் பேச்சும் வந்து சேரும் என்பது அவர் கணக்கு.

செட்டில் வந்த முதல் பேச்சு இதுதான். "தலை சீவினது போதும் தம்பி, எறங்கி வா. நல்லா கேக்குது."

எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் மங்கி மங்கி, ஒருநாள் சுத்தமாக நின்றுவிட்டது. அன்று பார்த்து கால் நசுங்கிய ஒருவரை, ஆம்புலன்ஸ் கூப்பிட வழியில்லாமல், கட்டிலோடு தூக்கிப் போனார்கள்.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளார்க் ஒரு தாளை நீட்டினார். "ஒண்ணுமில்லப்பா, கைநாட்டு வச்சிட்டுப் போ."

கட்டைவிரலில் மையும் தடவியாகிவிட்டது. அண்ணன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு தம்பி. இன்னா எழுதிகீறாங்கன்னு நான் படிக்கிறேன்."

படித்தார். நான் கட்டிய கட்டு தளர்ந்து ஏரியல் சாய்ந்ததாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போகிறேனாம். வீட்டில் எனக்கு ஆறு மாதக் குழந்தை...

"சார், ஒரு தபா மேல வந்து பாருங்க" என்று கிளார்க்கையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூரைக்கு ஏறினார்.

ஏரியல் அசையாமல் நின்றது. எதிரே டிஸ்பென்சரிக் கூரையைத்தான் காணோம். தங்கம் எடுத்த பிறகு மில் கொட்டும் மண், அந்த சயனைட் மேடு, ஷிப்டுக்கு ஷிப்ட் வளர்ந்து குறுக்கே நின்றது. தினமும் அதைப் பார்த்தபடி வேலைக்குப் போனவர்கள்தான் நாங்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"மேடு வளரும்னு நான் யோசிக்கல சார். தப்பு என்னுது. என் பேரை எழுதிக்கோங்க."

மெமோ அவருக்குப் போனது. அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. அடுத்த வாரமே இருவரும் சேர்ந்து ஏரியலை, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் ஷாப்ட் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றினோம்.

அந்த வேலையில் ரிட்டயர் ஆகும்வரை இருந்தேன். மூன்று பிள்ளைகளும் அதில்தான் சாப்பிட்டார்கள், படித்தார்கள்.

நன்றி அண்ணா. நிம்மதியா போங்க.

அன்று கூரைக்கு ஏறியவர்களில் என்னைத் தவிர இன்னும் ஒருவர் இருக்கிறார், பூதிகோட்டையில். காலையில் போன் போட்டுச் சொன்னேன்.

"எத்தினி மணிக்கு எடுக்குறாங்க? நான் வராம எடுக்கக் கூடாதுன்னு சொல்லுப்பா" என்றார் அந்தக் கிளார்க், வரதராஜன் சார்.